அம்மா நடந்ததை வாட்ச் பார்க்கவே இல்லை

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய மூன்றாவது வாரம். காலையில் கூடத்துக்குள் பத்து நடை, மதியம் பத்து நடை, சாயங்காலம் இன்னும் கொஞ்சம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்ததை ஒன்றுவிடாமல் செய்து முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தாள். அன்றைக்கு நடந்த அடிகள் 212 என்று காட்டியது.

"காலையிலேர்ந்து கால் கடுக்க நடந்திருக்கேன், இது என்னடி இருநூத்திச் சொச்சம்னு சொல்லுது? இதுக்குக் கண்ணு தெரியாதா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வாட்சை வாங்கிக் கட்டிவிட்டதே நான்தான். அது மட்டுமா, என் பிழைப்பே இந்த எண்களை வைத்துத்தான் ஓடுகிறது. வயதானவர்கள் ஒரு நாளில் எவ்வளவு அசைகிறார்கள் என்று உடம்பில் சென்சார் கட்டி அளக்கும் ஆய்வுகளில் மலைபோல் வந்து குவியும் தரவைச் சுத்தம் செய்து, பிரித்து, அட்டவணையாக்கிக் கொடுப்பது என் வேலை. வருடக்கணக்காக அந்த எண்களைப் பார்த்துவிட்டு, 'இவர் நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறார்' என்று எத்தனை பேரைப் பற்றி எழுதியிருப்பேன் என்று அன்றைக்கு ராத்திரி யோசித்துப் பார்த்தேன். அதிலே எத்தனை பேர் அம்மாவைப் போல வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களோ.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி ஊரில் இருக்கும் நினைப்பே தப்பு. அது நடையை அளப்பதில்லை. உழைப்பையும் அளப்பதில்லை. உள்ளே சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன ஒரு எடை, அதைவிட மெல்லிய வில்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாம் அசையும்போது அது கொஞ்சம் பின்தங்குகிறது, எவ்வளவு பின்தங்கியது என்பதை மின்சாரக் கணக்காக மாற்றிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். அதாவது முடுக்கம், மூன்று திசைகளில். மேசைமேல் அசையாமல் கிடக்கும்போதும் அது சும்மா இருக்காது, 1 ஜி என்று புவியீர்ப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும். கை தவறி விழும் அந்த அரை விநாடிதான் அதன் வாழ்க்கையிலேயே பூஜ்யத்தை ஒட்டி வரும் நேரம். (கீழே விழுந்தால் கூப்பிடும் வாட்சுகள் தேடுகிற தடயங்களில் இதுவும் ஒன்று, ஆனால் வயதானவர்கள் பலர் தொப்பென்று விழுவதில்லை, சுவரைப் பிடித்துச் சரிந்து உட்கார்கிறார்கள், அதனால் அந்தத் தடயமும் எப்போதும் கிடைக்காது.)

இந்த முடுக்கத்திலிருந்து 'ஒரு ஸ்டெப்' என்று எண்ணுவது முழுக்க முழுக்க ஊகம். குதிகால் தரையில் படும்போது உடம்பில் ஒரு அதிர்வு ஏறுகிறது, கை முன்னும் பின்னும் வீசுகிறது, இரண்டும் ஒரு தாளத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தத் தாளத்தைத்தான் நிரல் தேடுகிறது. முடுக்கத்தின் வரைபடத்தில் எழும் மேடு இந்த உயரத்துக்கு மேல் இருந்தால் ஒரு அடி, இல்லாவிட்டால் வெற்று அசைவு என்று தள்ளிவிடு. வேகமாக நடக்கும் முப்பது வயதுக்காரரிடம் இது அழகாக வேலை செய்யும். காலைத் தரையோடு இழுத்து, சின்னச் சின்ன அடியாக, இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று நடப்பவரிடம் மேடே எழும்பாது. அதோடு வாக்கர் வேறு. இரண்டு கையும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, வீச்சே இல்லை. மணிக்கட்டில் இருக்கும் சென்சாருக்குத் தெரிவது ஏதோ ஒன்று மெதுவாக நகர்கிறது என்பது மட்டும்தான்.

மறுநாள் வேலையிடத்திலிருந்து ஒரு உபரி சென்சாரை எடுத்து வந்து அம்மாவின் கணுக்காலில் கட்டினேன். மணிக்கட்டில் வாட்ச் அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் நடந்துகொண்டே வாய்விட்டு எண்ணினேன். நூறு அடி. கணுக்கால் 97 என்றது, வாட்ச் 9 என்றது. அம்மா அந்த 9-ஐப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள், அது இன்னும் மோசமாக இருந்தது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கூடை துணியை மடித்து வைத்தாள். அதற்கு வாட்ச் தாராளமாக அறுபது ஸ்டெப் கொடுத்தது.

இது அந்த ஒரு வாட்சின் கோளாறு இல்லை. மணிக்கட்டு என்கிற இடத்தின் இயல்பே இதுதான். கை, கால் செய்வதைச் செய்வதில்லை. பார்க்கின்சன் நோயில் ஓய்வாக இருக்கும் கை விநாடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கும். நடை என்பது விநாடிக்கு இரண்டு அடி, வயதானவர்களுக்கு அதற்கும் குறைவு. அதிர்வின் வேகத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியும், ஆனால் பிரி என்று சொல்லித்தராத நிரலுக்கு எல்லாமே அசைவுதான். சோபாவில் சாய்ந்திருக்கும் ஒருவர், கை நடுங்கிக்கொண்டிருப்பதால் மட்டும், 'சுறுசுறுப்பானவர்' பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுவார்.

சரி, அப்படியானால் எல்லோரும் ஏன் மணிக்கட்டிலேயே கட்டுகிறார்கள்? கழற்ற மாட்டார்கள் என்பதால். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய ஆரோக்கிய, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 2003 முதல் 2006 வரை ஆக்டிகிராஃப் என்ற கருவியை இடுப்புப் பட்டையில் கட்டி அனுப்பினார்கள். இடுப்பு நல்ல இடம், உடம்பின் எடை மையத்துக்குப் பக்கம், நடந்தால் நடந்தது தெரியும். ஆனால் தூங்கும்போது கழற்று, குளிக்கும்போது கழற்று என்று சொன்னார்கள், கழற்றியவர்களில் பலர் திரும்பக் கட்ட மறந்தார்கள். 2011-இல் அதே கணக்கெடுப்பில் மறுபடி சென்சார் கட்டத் தொடங்கியபோது மணிக்கட்டுக்கு மாறிவிட்டார்கள், இரவும் பகலும் போட்டுக்கொள்ளச் சொல்லி. பிரிட்டனின் பயோபேங்க் ஆய்வு 2013-க்கும் 2015-க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆக்சிவிட்டி என்ற சின்னக் கருவியைத் தபாலிலேயே அனுப்பி, ஏழு நாள் கையில் கட்டச் சொல்லித் தபாலிலேயே திரும்பப் பெற்றது. விநாடிக்கு 100 அளவீடு, மூன்று திசை, ஏழு நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு 18 கோடி எண்கள். இத்தனை எண்கள் இருந்தால் உண்மை தானாகவே வந்துவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

எனக்குப் பிடித்த இடம் தொடை. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நிற்கும்போது தொடை செங்குத்தாக இருக்கிறது, உட்கார்ந்தால் படுக்கைவாட்டில் போய்விடுகிறது. சென்சார் எப்போதும் புவியீர்ப்பை உணர்ந்துகொண்டே இருக்கிறது என்றேனே, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்தாலே போதும், இவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்று அடித்துச் சொல்லிவிடலாம். கிளாஸ்கோவில் உருவான ஆக்டிவ்பால் இந்த யோசனையில்தான் வேலை செய்கிறது. இடுப்பில் கட்டிய கருவியால் இதைச் செய்ய முடியாது, அசையாமல் நிற்பவரும் உட்கார்ந்திருப்பவரும் அதற்கு ஒன்றேபோல் தெரிவார்கள். வயதானவர்கள் விஷயத்தில் இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் அரை மணி நேரம் நிற்பது எழுபத்தெட்டு வயது முழங்காலுக்கு ஒரு வேலை. இடுப்புப் பட்டை அதைச் சோம்பல் என்று எழுதிவைக்கும்.

தொடையில் இருக்கும் சிக்கல் தோல். பிளாஸ்டர் போட்டு ஒட்ட வேண்டும். வயதான தோல் காகிதம் மாதிரி, பிளாஸ்டரை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும். நாலாம் நாள் அரிப்பு தாங்காமல் பிய்த்துப் போட்டவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கே கட்டினாலும், கடைசியில் ஒரு எண் வரும், அந்த எண்ணை 'மிதமான உடலுழைப்பு', 'லேசானது', 'உட்கார்ந்திருத்தல்' என்று பெட்டிகளில் போட வேண்டும். பெட்டிகளின் எல்லையை யார் வரைந்தார்கள்? பழைய ஆக்டிகிராஃப் ஆய்வுகளில் அசைவையெல்லாம் நிமிடத்துக்கு இத்தனை 'கவுன்ட்' என்று சுருக்குவார்கள். அதில் ரொம்பப் புகழ்பெற்ற எல்லை 1952. நிமிடத்துக்கு 1952 கவுன்ட்டைத் தாண்டினால் மிதமான உழைப்பு, தாண்டாவிட்டால் லேசானது. 1998-இல் வெளியான ஆய்வு. ஐம்பது பேரை டிரெட்மில்லில் ஏற்றி, மூச்சில் போகும் ஆக்சிஜனை அளந்துகொண்டே போட்ட கணக்கு. ஐம்பது பேரும் இளைஞர்கள். டிரெட்மில்லின் மூன்று வேகங்களில் மிகக் குறைந்ததே மணிக்கு 4.8 கிலோமீட்டர்.

மணிக்கு 4.8 என்றால் விநாடிக்கு 1.3 மீட்டர். தசை இழப்பைக் கண்டுபிடிக்கும் மருத்துவர்கள் நடைவேகம் விநாடிக்கு 0.8 மீட்டர் அல்லது அதற்கும் கீழே இருந்தால் தீவிரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அது மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. அந்த வேகத்தில் நடக்கும் முதியவர் அந்த ஆய்வின் மிக மெதுவான ஆளைவிடவும் மெதுவாக நடக்கிறார். அவருக்கு மூச்சு வாங்குகிறது, நெற்றியில் வியர்க்கிறது, நடந்து முடித்து உட்கார்ந்தால் பத்து நிமிடம் பேச முடியவில்லை. அவருடைய வரிசையில் நாங்கள் 'மிதமான உழைப்பு: 0 நிமிடம்' என்று நிரப்புகிறோம். நானே நிரப்பியிருக்கிறேன்.

இதைச் சரிசெய்யப் பார்த்தவர்களும் உண்டு. 2009-இல் எழுபது வயதை ஒட்டியவர்களை வைத்து மெதுவான டிரெட்மில் நடையில் அளந்தபோது வந்த எல்லை 1041. பழைய எல்லையில் பாதியை விடச் சற்றே அதிகம். எந்த எல்லையை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே பாட்டி ஒரே வாரத்தில் சோம்பேறியாகவும் இருப்பார், போதுமான அளவு நடப்பவராகவும் இருப்பார். பாட்டிக்கு ஒன்றும் தெரியாது, அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்.

அடியில் இன்னொரு குழி இருக்கிறது. உழைப்பை அளக்கும் அலகு 'மெட்'. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிப்பது 1 மெட், அது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று வழக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். மிதமான உழைப்பு என்றால் 3 மெட்டிலிருந்து. வயதாக ஆகத் தசை குறைகிறது, உட்கார்ந்திருக்கும்போது எரிவதும் குறைகிறது. அதனால்தான் 2024-இல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே தனியாகப் போட்ட உழைப்பு அட்டவணையில் அந்த 3.5-ஐ 2.7 ஆக்கினார்கள். அதைவிடப் பெரிய விஷயம், ஒருவரால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பது. மூச்சு முட்ட உழைத்தாலே 4 மெட்தான் முடியும் என்கிற நிலையில் இருப்பவருக்கு 3 மெட் என்பது தன் சக்தியில் முக்கால் பங்கு. 12 மெட் முடிகிற இளைஞருக்குக் கால் பங்கு. இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி. ஊர் மொத்தத்தையும் ஒப்பிட வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே எண்ணைக் கொண்டுபோய் ஒரு தனி மனிதரிடம் 'நீங்கள் போதுமான அளவு உழைக்கவில்லை' என்று சொல்வது அநியாயம்.

'இத்தனை தகராறு எதற்கு, அவர்களிடமே கேட்டுவிடலாமே' என்று தோன்றும். கேட்டிருக்கிறார்கள், பல பத்தாண்டுகளாக. அந்த அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாயால் கேட்டபோது வயதுவந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பரிந்துரைத்த அளவுக்கு உழைப்பதாகச் சொன்னார்கள். சென்சார் சொன்னது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. அப்படி நான் சொல்ல மாட்டேன். கேள்வித்தாள் 'போன வாரம் மிதமான உழைப்பில் எத்தனை நிமிடம்' என்று கேட்கிறது, ஒரு மனிதர் தனக்கு எது மிதம் என்று நினைக்கிறாரோ அதைச் சொல்கிறார். சென்சார் டிரெட்மில் இளைஞருக்கு எது மிதமோ அதைச் சொல்கிறது. அதிலும் அப்போதெல்லாம் தொடர்ந்து பத்து நிமிடமாவது நீடித்தால்தான் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில்தான் அந்தப் பத்து நிமிட நிபந்தனையை எடுத்தது. வயதானவர்களின் நாள் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் ஓடும். கதவைத் திறக்கப் போவது, துணியை உலர்த்தப் போவது, எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வருவது. யாரும் இதையெல்லாம் 'உடற்பயிற்சி' என்று நினைவில் வைத்திருப்பதில்லை, அதனால் கேள்வித்தாளிலும் வராது. இந்த இடத்தில் மட்டும் சென்சார்தான் நியாயமான சாட்சி.

அப்புறம், கட்டியிருந்தாரா கழற்றினாரா என்ற பஞ்சாயத்து. என் வேலை நேரத்தில் பாதி இதில்தான் போகிறது. தொடர்ந்து ஒரு மணி நேரம் அசைவே பதிவாகவில்லை என்றால் கழற்றி வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வது ஒரு விதி. ஆனால் எண்பது வயதுக்காரர் மத்தியானம் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தால் இடுப்பு ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கத்தான் செய்யும். அவருடைய ஓய்வு நேரத்தை எல்லாம் 'கழற்றியது' என்று நீக்கிவிட்டால், மிச்சம் இருப்பது அவர் நடந்த நேரம் மட்டும், ஆள் படு சுறுசுறுப்பானவராகிவிடுவார். அதனால் 90 நிமிடம் என்று நீட்டியவர்கள் உண்டு. அதை நீட்டினால் நிஜமாகவே கழற்றி வைத்த நேரம் உட்கார்ந்திருந்த நேரமாகக் கணக்கில் ஏறும். எந்தப் பக்கம் போனாலும் இடி. ஒரு நாளில் குறைந்தது பத்து மணி நேரம் கட்டியிருந்தால்தான் அந்த நாள் செல்லும், வாரத்தில் நாலு நாளாவது செல்ல வேண்டும் என்பது பழகிப்போன வழக்கம். இதில் யார் கழிந்துபோகிறார்கள்? முடியாதவர்கள், மறதி உள்ளவர்கள், விரல் மூட்டு வீங்கிக் கொக்கியைப் போட முடியாதவர்கள். யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள இத்தனை செலவு செய்தோமோ அவர்களே சல்லடையில் கீழே போய்விடுகிறார்கள்.

ஒருமுறை ஒருவரின் வாரத்தில் செவ்வாய்க்கிழமை காலை முக்கால் மணி நேரம் நம்ப முடியாத வேகம். ஓட்டப்பந்தய வீரர்களுக்குக்கூட அப்படி வராது. போன் செய்து கேட்டோம். சட்டையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாராம். கருவி பிழைத்துவிட்டது, தரவும் பிழைத்துவிட்டது, அந்த முக்கால் மணி நேரத்தை மட்டும் கழித்தோம்.

வாட்ச் காட்டும் கலோரியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: பார்க்காதீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது இருப்பதிலேயே நல்லதுகூடக் கலோரிக் கணக்கில் சராசரியாக 27 சதவீதம் தவறியது. இதயத் துடிப்பை வைத்து உழைப்பை ஊகிப்பதும் வயதானவர்களிடம் எடுபடாது, பலர் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு வருகிறேன். அவளுடைய இன்னொரு கவலை பத்தாயிரம். யாரோ சொல்லியிருக்கிறார்கள், தினம் பத்தாயிரம் ஸ்டெப் நடக்காவிட்டால் நடந்ததே வீண் என்று. அந்த எண் மருத்துவத்திலிருந்து வரவில்லை அம்மா, வியாபாரத்திலிருந்து வந்தது என்று சொன்னேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965-இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் 'மான்போ-கேய்' என்ற பெயரில் இடுப்பில் மாட்டும் கருவியை விற்றது. அந்தப் பெயருக்கே பத்தாயிரம் அடி மானி என்றுதான் அர்த்தம். சொல்ல எளிதாக, முழு எண்ணாக இருந்தது, ஒட்டிக்கொண்டது.

உண்மையில் வயதானவர்களை வைத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. சராசரி வயது 72, பெண்கள் மட்டும், 16,741 பேர். நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களில் அடுத்து வந்த ஆண்டுகளில் இறந்தவர்கள் 41 சதவீதம் குறைவு. 7,500 வாக்கில் அந்த லாபம் மட்டமாகிவிட்டது, அதற்கு மேல் நடந்ததால் கூடுதலாக எதுவும் தெரியவில்லை. உடம்பு ஏற்கெனவே சரியில்லாதவர்கள் குறைவாக நடப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும், நடை மட்டுமே காப்பாற்றியது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் 4,400 என்றதும் அம்மாவின் முகம் தெளிந்தது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அந்த 4,400 இடுப்பில் கட்டிய கருவியில் எண்ணியது, உன் கையில் இருக்கும் வாட்சின் 4,400 வேறு என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ எனக்கு எவ்வளவுன்னுதான் சொல்லேன்."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது, அதற்குள் ஒரு விபரீதம் நடக்கப் பார்த்தது. ராத்திரி பத்தரை மணிக்குக் கூடத்தில் டக், டக் என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், விளக்குக்கூடப் போடாமல் அம்மா வாக்கரோடு சுற்றிக்கொண்டிருக்கிறாள். வாட்ச் அன்றைய கணக்கை முடிக்கவில்லையாம். ஆய்வுகளில் இதற்கு ஒரு பெயர் வைத்து, முதல் நாள் தரவைத் தள்ளுபடி செய்வோம், ஏனென்றால் அளக்கிறார்கள் என்று தெரிந்தாலே ஆட்கள் கூடுதலாக நடப்பார்கள். பலவீனமான முழங்காலோடு, தூக்கக் கலக்கத்தில், இருட்டில், நூறு அடியை ஒன்பது என்று எண்ணும் ஒரு கருவியைத் திருப்திப்படுத்த அவள் நடக்கிறாள் என்பதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தள்ளுபடி செய்வதைத் தவிர வேறு எதையும் யோசித்ததில்லை என்று உறைத்தது. அன்றைக்கே வாட்சைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாகத் திரையே இல்லாத சென்சார். உறை தைத்து, பிளாஸ்டர் இல்லாமல் தொடையில் மாட்டும்படி அவளே பட்டை செய்துகொண்டாள், என் வேலையிடத்தில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் மாதிரி கேட்டார்கள். ஸ்டெப்பைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். நான் இப்போது பார்ப்பது மூன்றே விஷயம். ஒரு நாளில் எத்தனை முறை எழுந்து நிற்கிறாள். ஒருமுறை உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தபடியே இருக்கிறாள். அவள் நடந்த ஆக நீளமான நடை எத்தனை நிமிடம். இந்த மூன்றையும் வேறு யாரோடும் ஒப்பிடுவதில்லை, போன வாரத்து அம்மாவோடு மட்டும். எல்லை எண்களின் பிரச்சினை எதுவும் இதில் வராது, ஏனென்றால் சென்சார் எவ்வளவு தப்பாக எண்ணினாலும் இரண்டு வாரமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தப்பாக எண்ணும்.

எழுந்து நிற்பதை எண்ணுவது எவ்வளவு உருப்படியான விஷயம் என்று அம்மாவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். தொடைத் தசைக்கு அதைவிடப் பெரிய வேலை ஒரு சாதாரண நாளில் இல்லை, கழிவறைக்குத் தனியாகப் போய்வர முடியுமா என்பதே அதில்தான் இருக்கிறது. ஆறாவது வாரம் அந்த எண்ணிக்கை திடீரென்று இறங்கியது. நடந்த நிமிடங்கள் இறங்கவில்லை. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். இரண்டு நாள் நச்சரித்த பிறகு, நாற்காலியின் மெத்தை உள்வாங்கிவிட்டது, எழும்போது முழங்கால் சுரீரென்கிறது, அதனால் ஒருமுறை எழுந்தால் எல்லா வேலையையும் சேர்த்து முடித்துவிட்டு உட்கார்கிறேன் என்றாள். நாற்காலிக்கு அடியில் கட்டை வைத்து நாலு விரற்கடை உயர்த்தினோம். அடுத்த வாரம் எண்ணிக்கை பழையபடி ஏறிவிட்டது.

சென்சாருக்குத் தெரியாதவை இன்னும் நிறைய. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி அதில் ஒரு கோடுகூட விழாது. கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, நின்றபடி இருப்பது என்று மட்டும் விழும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிமிடக் கணக்கோடு நிறுத்தவில்லை, சமநிலைக்கும் தசைவலுவுக்குமான பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது, கீழே விழாமல் இருக்க. அதை அளக்க இப்போதைக்குக் காகிதமும் பேனாவும்தான். அம்மா காலண்டரில் கோடு போட்டு வைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்சாரைக் கழற்றிக் கணினியில் சொருகுவேன். வாக்கர் போய் இப்போது கைத்தடிக்கு வந்துவிட்டாள், வரைபடத்தில் அது தெரிகிறதா என்று அவளுக்கு ஆர்வம். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்வாள். நீல நிறத்தில் உட்கார்ந்த நேரம், பச்சையில் நின்றது, சிவப்பில் நடந்தது. போன வாரம் ஒரு நாளில் ஒரு பெரிய நீலப் பட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"இது என்ன, ரெண்டரை மணி நேரம்?"

"நீ அன்னிக்கு உக்காந்திருந்தே."

"உன் சித்தி வந்திருந்தா. பேசிட்டிருந்தோம். அதுக்கு வேற கலர் போட முடியுமா பாரு."